எந்தத் தாளுக்கு எந்த மை?

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கிவிட்டது என்பதை நம் இல்லங்களில் முதலில் அறிவிப்பவர்கள் சிறுவர்களே. அட்டைகளும் கத்தரிக்கோலும் பசையும் திண்ணைக்கு வந்துவிடுகின்றன. கடையில் வாங்கிய வாழ்த்து அட்டையைவிடத் தம் கையால் செய்த அட்டையைப் பாட்டிக்கும் ஆசிரியைக்கும் கொடுப்பதில் அவர்களுக்கு உள்ள பூரிப்பே தனி. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி மையில் ஒற்றி எடுத்தால் தாளில் ஐந்திதழ்ப் பூ மலர்கிறது. உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி அதன் முகத்தில் விண்மீனைச் செதுக்கிக்கொள்ளலாம். பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரில் புறாவையும் செதுக்கலாம். சற்று வசதியுள்ளோர் பூ, மணி, மெழுகுவர்த்தி முதலிய உருவங்கள் கொண்ட ரப்பர் முத்திரைகளை விலைக்கு வாங்குகின்றனர்.

முத்திரையைத் தேர்வதில் காட்டும் அக்கறையை மையைத் தேர்வதில் நாம் காட்டுவதில்லை. எழுதுபொருள் கடைக்குச் சென்று, “ஸ்டாம்பு பேடு ஒன்று கொடுங்கள்” என்கிறோம். “என்ன நிறம்?” என்று கடைக்காரர் கேட்கிறார். “ஊதா” என்கிறோம். அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தத் தாள் எத்தனை காலம் வாழ வேண்டும்? அது தண்ணீரையும் வெயிலையும் பல கைகளின் தீண்டலையும் தாங்க வேண்டுமா? இதற்கு விடை கண்டபின் நிறத்தைப் பற்றிப் பேசலாம். விளையாட்டுக்குச் செய்யும் அட்டை முதல், நம் பெயரையும் வயதையும் உறவையும் சாட்சி சொல்லும் சான்றிதழ் வரை அனைத்துக்கும் இவ்விதி பொருந்தும். மையின் வகைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

சாய மை

ரப்பர் முத்திரைக்கு வயது ஏறத்தாழ 160 ஆண்டுகளே. 1839-இல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர், ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் நொறுங்காமலும் உறுதிபெறும் எனக் கண்டார். எழுத்துக்களைச் செதுக்கிய அச்சில் அந்த ரப்பரை அழுத்தி முத்திரை வார்க்கும் தொழில் 1860-களில் அமெரிக்காவில் தோன்றியது. ஏறத்தாழ அதே காலத்தில் மையிலும் ஒரு புரட்சி நிகழ்ந்தது. 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது மாணவர், மலேரியாக் காய்ச்சலுக்குரிய குயினைன் மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்றபோது, நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளில் ஓர் அழகிய ஊதாச் சாயத்தைக் கண்டெடுத்தார். அதைத் தொடர்ந்து பல சாயங்கள் வெளிவந்தன. நம் அலுவலகங்களில் காணும் ஊதா முத்திரையின் நிறமும் அச்சாயக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இம்மையில் சாயம், உப்பு நீரில் கரைவதுபோல் முற்றிலும் கரைந்திருக்கிறது. அதனுடன் கிளிசரின் போன்ற ஈரம் காக்கும் பொருளைச் சேர்க்கின்றனர். பேடு பல மாதங்கள் காயாதிருப்பதன் காரணம் அதுவே. முத்திரையைத் தாளில் வைத்ததும் மை தாளின் நார்களுக்குள் ஊறிச் செல்கிறது. ஆதலால் விரைவில் காய்கிறது; கைபட்டால் எளிதில் தீற்றுவதில்லை. விலையும் குறைவு. பள்ளிக்கூடத்து வேலைகளுக்கும் கடிதங்களில் தேதி இடுவதற்கும் இதைவிட ஏற்ற மை இல்லை எனலாம்.

ஆனால் நீரில் கரைந்த பொருள் மீண்டும் நீரைக் கண்டால் என்ன செய்யும்? கரைந்து ஓடத்தான் செய்யும். மழைத்துளி ஒன்று விழுந்தால் ஊதா முத்திரை ஊதாக் கறையாகிவிடுகிறது. வெயிலும் அதற்குப் பகை. ஒளி பட்டுப் பட்டுச் சாயத்தின் மூலக்கூறுகள் சிதைகின்றன, நிறம் வெளிறுகிறது. சன்னலோரத்தில் மாட்டிய அட்டையின் வண்ணம் சில மாதங்களில் மங்கிப்போவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

நிறமி மை

இரண்டாம் வகை மையில் நிறம் கரைவதில்லை. மிக நுண்ணிய வண்ணத் துகள்கள் திரவத்தில் மிதக்கின்றன. இதை நிறமி மை என்பர். காவிக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துச் சுவரில் பூசுவதை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் உலர்ந்துவிடும், காவித் துகள்கள் சுவரில் தங்கிவிடும். நிறமி மையும் அவ்வாறே தாளின் மேற்பரப்பில் தங்கி நிற்கிறது. ஆதலால் நிறம் செறிவாகத் தெரிகிறது. கறுப்பு அட்டையில் வெள்ளை முத்திரை இட விரும்பினால் இவ்வகை மையாலேயே இயலும். வெயிலை இது சாயத்தைவிடப் பன்மடங்கு நன்றாகத் தாங்குகிறது.

நிறமிகளில் மூத்தது கரி. அதன் பெருமையைத் தமிழர் நன்கறிவர். ஓலையில் எழுத்தாணியால் கீறியபின், விளக்குக்கரியை இலைச்சாற்றுடன் கலந்து தடவி எழுத்தைத் துலங்கச் செய்தனர் நம் முன்னோர். ஓலை முதுமையால் நொறுங்கும், பூச்சியும் அரிக்கும். ஆனால் அந்தக் கரி வெளிறுவதில்லை. அக்காலத்து அச்சு மையும் புகைக்கரியைக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் குழைத்ததே. 1578-இல் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் கொல்லத்தில் அச்சிடுவித்த ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். அதன் படி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. 400 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்னும் அதன் தமிழ் எழுத்துக்களை நாம் வாசிக்க முடிகிறது.

நிறமி மைக்கும் ஒரு குறை உண்டு. அது மெல்லக் காய்வது. சாதாரணத் தாளில் சில நிமிடங்கள் முதல் சில மணி நேரம் வரை ஆகலாம். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் சிலவகை நிறமி மைகள் சூடு காட்டினாலன்றிக் காய்வதே இல்லை. அவசரப்பட்டு அட்டையை உறைக்குள் இட்டால் எதிர்ப்பக்கத்திலும் பூ மலர்ந்துவிடும்! பொறுமை உள்ளவருக்கே இந்த மை உரியது.

எண்ணெய் மையும் ஆவியாகும் மையும்

உலோக எண்கள் கொண்ட எண்ணிடும் இயந்திரங்களுக்கு எண்ணெய் கலந்த மையைப் பயன்படுத்துகின்றனர். அது உலோகத்தைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. அதே மையைச் சாதாரண ரப்பர் முத்திரைக்கு இட்டால், கனிம எண்ணெயை உறிஞ்சிய ரப்பர் ஊதிப் பருத்து எழுத்துக்கள் கோணலாகிவிடும். பேடின்றித் தானே மை ஊறிவரும் புதுவகை முத்திரைகளும் இப்போது பரவலாக உள்ளன. அவற்றிலும் எண்ணெய் சார்ந்த தனி மையே அடைக்கப்படுகிறது. அது தீர்ந்ததும் சாதாரண ஸ்டாம்பு பேடு மையை ஊற்றினால் நுண்துளைகள் அடைபட்டு முத்திரை பாழாகும். வாங்கிய கடையிலேயே அதற்குரிய மையைக் கேட்டுப் பெறுவது நல்லது.

கண்ணாடி, பிளாஸ்டிக், தகரம், ஜரிகைத்தாள் ஆகியவை ஈரத்தை உறிஞ்சுவதில்லை. இவற்றின்மீது நீர் கலந்த மை வழுக்கி ஓடும். இவற்றுக்கென விரைவில் ஆவியாகும் திரவத்தில் கலந்த மைகள் உள்ளன. அவை நொடிகளில் காய்ந்து பற்றிக்கொள்கின்றன, நீருக்கும் அசைவதில்லை. ஆனால் அவற்றின் நெடி கடுமையானது. சில எளிதில் தீப்பற்றவும் கூடும். சன்னல்களைத் திறந்து வைத்து, விளக்குக்கும் அடுப்புக்கும் தொலைவில், பெரியவர்கள் மட்டுமே இவற்றைக் கையாள வேண்டும். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பாலிமர் முத்திரைகளுக்கு இவற்றில் பல ஒவ்வா. முத்திரை மங்கிப் பிசுபிசுக்கும்.

வேலைக்கேற்ற மை என்பதற்கு நாடறிந்த சான்று ஒன்றும் உண்டு. 1962 பொதுத் தேர்தல் முதல் வாக்காளரின் விரலில் இடப்படும் மை மைசூரில் தயாராகிறது. அதில் உள்ள வெள்ளி நைட்ரேட் தோலுடன் சேர்ந்து, ஒளி படப்படக் கறுக்கிறது. சாய மையை வெளிறச் செய்யும் அதே ஒளி இந்த மையைக் கறுக்கச் செய்கிறது! சோப்புக்கும் அசையாத அந்த அடையாளம், தோலும் நகமும் வளர்ந்து கழியும்போதே மறைகிறது.

தாளையும் கேளுங்கள்

மையின் குணம் பாதி, தாளின் குணம் பாதி. நோட்டுப் புத்தகத் தாளும் மேப்லித்தோ தாளும் மையை ஓரளவு உறிஞ்சும். இவற்றுக்குச் சாய மையும் நிறமி மையும் ஒத்துவரும். பசைப்பூச்சு இல்லாத கையால் செய்த தாளில் சாய மை நார்களின் வழியே பரவிச் சிலந்திவலைபோல் விரியும். அதற்கு நிறமி மையே தக்கது. ஆர்ட் பேப்பரிலோ மேற்பூச்சு மையை உள்ளே விடுவதில்லை. ஆகவே அதில் விரைந்து காயும் மை வேண்டும். துணியில் பதிக்க விரும்பினால் துணிக்கென்றே உள்ள மையை வாங்கி, காய்ந்தபின் இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டுங்கள். பலவற்றில் அச்சூடே மையைத் துணியில் நிலைக்கச் செய்கிறது.

வாழ்த்து அட்டை செய்வோருக்கு

முத்திரையால் கோட்டுருவத்தைப் பதித்து, அதற்குள் வண்ணம் தீட்டுவது நம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை. இங்கேதான் பலர் ஏமாற்றம் அடைகின்றனர். சாய மையால் மாட்டுக்குடிலைப் பதித்து, அதன்மேல் நீர் வண்ணத் தூரிகையை வைத்தவுடன் கோடுகள் கரைந்து, குழந்தை இயேசுவின் முகம் கறுத்துவிடுகிறது. பிள்ளையின் முகமும் வாடிவிடுகிறது. நீர் வண்ணம் தீட்டுவதாயின், காய்ந்தபின் நீர் புகாத கறுப்பு மையையே கோட்டுக்குக் கொள்ள வேண்டும். ஆல்கஹால் கலந்த மார்க்கர் பேனாவால் வண்ணமிடுவதாயின் விதி மாறுகிறது. ஆவியாகும் திரவத்தில் செய்த மை நீருக்கு அசையாது நிற்கும். ஆனால் ஆல்கஹாலில் கரையலாம். கோடும் வண்ணமும் ஒரே திரவத்தில் கரைவனவாக இருத்தல் ஆகாது என்பதை மட்டும் நினைவில் கொண்டால் போதும். வண்ணப் பென்சிலுக்கு எந்த மையும் தடையில்லை.

அழைப்பிதழ்களில் எழுத்துக்கள் தங்கம்போல் மேலெழும்பி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அதை வீட்டிலும் செய்யலாம். மெல்லக் காயும் நிறமி மையால் முத்திரையிட்டு, ஈரம் உலருமுன் எம்போசிங் பவுடரைத் தூவி, எஞ்சியதைத் தட்டிவிட வேண்டும். பின்னர் சூடு காட்டினால் பொடி உருகி மேடாகப் பளபளக்கும். அதற்கென்று சூட்டுக் கருவி உண்டு. அது இல்லாதோர் அட்டையின் பின்புறத்தைச் சூடான இஸ்திரிப் பெட்டிக்குச் சற்று மேலே பிடித்தும் செய்யலாம். சூடு காட்டும் வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும். நிறமி மையின் மந்தத்தன்மை இங்கே நன்மையாகிறது. விரைந்து காயும் சாய மையில் பொடி ஒட்டாது.

சிறு குழந்தைகள் கையாளும் மை நீரில் கழுவினால் போகக்கூடியதாயும், நச்சற்றது எனக் குறிக்கப்பட்டதாயும் இருத்தல் நலம். அவர்களது ஓவியம் நூறாண்டு நிற்காவிட்டாலும் குறையில்லை. அவர்களது வாய்க்கும் கண்ணுக்கும் தீங்கு வராதிருப்பதே முதன்மையானது.

சாட்சி சொல்லும் தாள்கள்

இதுவரை கூறியவை மகிழ்ச்சிக்குரிய தாள்களைப் பற்றியவை. மை பிழைத்தால் அங்கே ஓர் அட்டை வீணாகும்; அவ்வளவே. ஆனால் ஒவ்வொரு வீட்டுப் பெட்டியின் அடியிலும் வேறு சில தாள்கள் உறங்குகின்றன. ஞானஸ்நானச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், நிலப் பத்திரத்தின் நகல் ஆகியவை அவை. இவற்றில் மை பிழைத்தால் ஒருவரது வாழ்க்கையே அலைக்கழிக்கப்படலாம்.

பங்கு அலுவலகத்தில் அமர்ந்திருப்போர்க்கு இது புதிய காட்சியன்று. கணவரை இழந்த தாய் ஒருவர், குடும்ப ஓய்வூதியத்திற்காகத் தம் திருமணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அலுவலகம் ஒன்றுக்குச் சென்றார். ஓட்டுக் கூரை ஒழுகியதில் அத்தாளின்மேல் நீர் இறங்கியிருந்தது. அச்சடித்த வாசகம் அப்படியே இருந்தது. கோவிலின் ஊதா முத்திரையும், நீல மையில் இட்ட கையொப்பமும் ஒன்றோடொன்று கலந்து கறையாகியிருந்தன. முத்திரை தெளிவாக இல்லை என்று கூறித் தாளைத் திருப்பிவிட்டனர். அவர் நம்மிடம் வந்தபோது, பழைய பதிவேட்டைப் புரட்டினோம். நெடுநாளைக்கு முன் வாழ்ந்த குருவானவர் ஒருவர் கறுப்பு மையில் எழுதிய வரிகள் எழுத்துப் பிசகாமல் இருந்தன. அவ்வரிகள் இருந்ததால் புதிய சான்றிதழ் கொடுக்க முடிந்தது. அவையும் கரைந்திருந்தால் அந்தத் தாய் தம் திருமணத்திற்கு எந்தச் சாட்சியைத் தேடியிருப்பார்?

2015 டிசம்பரில் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர், கடலூர் மாவட்டங்களை வெள்ளம் சூழ்ந்தபோது இத்தகைய துயரம் பல்லாயிரம் வீடுகளில் நேர்ந்தது. இழந்த ஆவணங்களுக்கு மாற்றுப் படிகள் வழங்கவே அரசு சிறப்பு முகாம்களை நடத்த வேண்டியதாயிற்று. நீரில் ஊறிய தாளை மெல்லப் பிரித்து உலர்த்தினால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். கரைந்தோடிய சாயத்தை எவராலும் மீட்க இயலாது.

ஆகவே ஆவணங்களுக்குச் சில எளிய விதிகளைக் கூறுவோம். பதிவேட்டிலும் சான்றிதழிலும் இடும் முத்திரைக்கு நீர் புகாத, நிறமி கலந்த மையைக் கேட்டு வாங்குங்கள். கையொப்பத்திற்கு ஆவணங்களுக்கென்று செய்யப்பட்ட பேனாவே உகந்தது. பந்துமுனைப் பேனாவின் உறையில் ‘ஐ.எஸ்.ஓ. 12757-2’ என்ற குறிப்பு இருந்தால் அது ஆவணத் தரமுடையது எனப் பொருள். இங்க்ஜெட் அச்சுப்பொறிகள் பலவற்றில் சாய மையே இருப்பதால், அதில் எடுத்த படி நீரில் கரையலாம். லேசர் அச்சுப்பொறியோ பிளாஸ்டிக்குடன் கலந்த பொடியைச் சூட்டினால் தாளில் உருக்கி ஒட்டுகிறது. அது நீருக்கு அசைவதில்லை. சான்றிதழை ஆர்ட் பேப்பரில் அச்சிடாமல் நல்ல மேப்லித்தோ தாளில் அச்சிட்டால், முத்திரையும் கையொப்பமும் நன்கு பற்றும்.

பழைய பதிவேடுகளை வைத்திருப்போர்க்கு மேலும் ஒரு சொல். கடுக்காய் அல்லது மாசிக்காயின் துவர்ப்புச் சாற்றில் அன்னபேதியைச் சேர்த்துச் செய்யும் கறுப்பு மை முன்னாளில் வழக்கில் இருந்தது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக ஆவணங்களை எழுதிய மையும் இவ்வகையே. அது தாளில் ஆழப் பற்றும்; நீருக்கு எளிதில் அசையாது. ஆனால் அதன் அமிலம் நாளடைவில் தாளையே அரித்து, எழுத்து இருந்த இடத்தில் துளை விழச் செய்யும். பழுப்பேறிய எழுத்தும் நொறுங்கும் தாளும் கண்ணில் பட்டால் அப்பதிவேட்டை அடிக்கடி புரட்டாதீர்கள். ஈரமில்லாத இடத்தில் வைத்து, விரைவில் நிழற்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே மூன்று சோதனைகள்

உறையில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டுவதில்லை. நாமே சோதித்துப் பார்க்கலாம்.

முதலாவது, நீர்ச் சோதனை. நீங்கள் பயன்படுத்தப்போகும் தாளிலேயே முத்திரையிட்டு ஒரு நாள் முழுதும் உலர விடுங்கள். பின்னர் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டு, ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் ஒற்றுங்கள். துணியில் நிறம் ஏறினால் அது ஆவணத்திற்கு ஆகாது.

இரண்டாவது, ஒளிச் சோதனை. முத்திரையின் பாதியைத் தடித்த கறுப்பு அட்டையால் மூடி, வெயில் படும் சன்னலில் ஒட்டி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து அட்டையை எடுத்துவிட்டு இரு பாதிகளையும் ஒப்பிடுங்கள். வேறுபாடு எவ்வளவோ அவ்வளவு அந்த மையின் பலவீனம்.

மூன்றாவது, விரல் சோதனை. முத்திரையிட்ட ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், ஒரு மணி நேரம் கழித்துச் சுத்தமான விரலால் மெல்லத் தேயுங்கள். எப்போது தீற்றாமல் நிற்கிறதோ அதுவே அந்தத் தாளில் அந்த மை காயும் நேரம். அதைக் குறித்துக்கொண்டால் அடுத்த முறை அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டா.

பேணும் முறை

காய்ந்த பேடில் தண்ணீரோ தேங்காய் எண்ணெயோ விடுவது நம்மிடையே உள்ள பழக்கம். தண்ணீர் விட்டால் மை நீர்த்து முத்திரை கலங்கும். எண்ணெய் விட்டால் எழுத்தைச் சுற்றித் தாளில் எண்ணெய் வளையம் படரும். அந்தப் பேடுக்குரிய அதே மையைச் சில சொட்டுக்கள் விட்டு, இரவு முழுதும் ஊற விடுவதே முறை. சாய மைப் பேடில் நிறமி மையை ஊற்றிக் கலக்காதீர்கள்.

நீர் கலந்த மையைப் பயன்படுத்திய முத்திரையை ஈரத்துணியாலும் சிறிது சோப்பு நீராலும் உடனே துடைத்துவிடுங்கள். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ரப்பரை ஊதச் செய்யும், அவை வேண்டா. முத்திரைகளை வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெயிலில் கிடந்த ரப்பர் வெடிக்கும், பாலிமர் மஞ்சளாகும்.

இத்தனையையும் நினைவில் வைப்பது கடினம் என்று தோன்றினால் இரண்டு பேடுகளை மட்டும் வாங்குங்கள். கழுவினால் போகும் சாய மைப் பேடு பிள்ளைகளுக்கு. நீர் புகாத கறுப்பு நிறமி மைப் பேடு ஆவணங்களுக்கும் நெடுங்காலம் நிற்க வேண்டியவற்றுக்கும். முதலாவதை அவர்களது விளையாட்டுப் பெட்டியிலும், இரண்டாவதைச் சான்றிதழ்கள் உள்ள பெட்டியிலும் வையுங்கள். ஒவ்வொன்றின் மூடியிலும் அது எதற்கு உரியது என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுப்பவர்களும் அதை வாசித்துவிட்டே முத்திரையிடுவர்.